கழுதைப்புலிக்கு எந்த ராசி? சர்ரியலிச ஓவியங்களில் விலங்கும் சோதிடமும்

கேள்வி இது: “சர்ரியலிச ஓவியங்களில் குதிரை, ஆந்தை, ஓநாய், பறவைத்தலை மனிதர்கள் என்று விலங்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூடவே நிலவும் நட்சத்திரங்களும். இவை ராசிச் சின்னங்களா? எந்த விலங்கு எதைக் குறிக்கிறது என்று பட்டியல் ஏதும் உண்டா? அந்த ஓவியர்கள் சோதிடத்தை நம்பினார்களா? எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?”

சர்ரியலிசம் என்பது கனவையும் ஆழ்மனத்தையும் ஆதாரமாகக் கொண்டு 1920-களில் பாரிஸில் தொடங்கிய கலை இயக்கம். நீங்கள் கேட்கும் பட்டியல் கிடையாது. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஆனால் சோதிடத்தோடு அவர்களுக்கு இருந்த உறவு உண்மையானது. ஜாதகக் கட்டங்களைப் படித்தார்கள், குறிபார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளை வரைந்தார்கள், ரசவாத நூல்களைத் தேடித் தேடி வாசித்தார்கள். என் பதில் சுருக்கமாக இதுதான்: வானத்தின் பன்னிரண்டு வீடுகளை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அவற்றில் காலகாலமாகக் குடியிருந்த ஆட்டையும் காளையையும் நண்டையும் மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, தங்கள் சொந்த விலங்குகளைக் குடிவைத்தார்கள். அந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் படத்தைப் படிக்க முடியாது.

ஓவியரும் எழுத்தாளருமான லியோனோரா காரிங்டனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி முழுவதும் அவருடைய ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது. 1937–38 வாக்கில் வரைந்த சுயசித்திரம் அது. ‘விடியல் குதிரையின் சத்திரம்’ என்றும் அதற்குப் பெயர் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரையேற்றத்துக்கான வெள்ளைக் கால்சட்டையோடு ஒரு நீல நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தலைமுடி பிடரிமயிரைப் போலச் சிலிர்த்து நிற்கிறது. நீட்டிய கைக்கு எதிரே, மடியில் பால் கட்டிய ஒரு கழுதைப்புலி. தலைக்குப் பின்னால் சுவரையொட்டி, குழந்தைகள் ஏறி ஆடுகிற மரக்குதிரை ஒன்று, வாலில்லாமல், அந்தரத்தில் நிற்கிறது. திரை விலகிய ஜன்னலுக்கு வெளியே உயிருள்ள வெள்ளைக் குதிரை பாய்ந்து ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் பெண்ணும் கழுதைப்புலியும் நம்மைப் பார்க்கிறார்கள். ஓடும் குதிரை யாரையும் பார்க்கவில்லை.

காரிங்டன் பிறந்தது 1917 ஏப்ரல் 6. மேற்கத்தியக் கணக்கில் மேஷம். படத்தில் ஆடு எங்கே? இல்லை. கழுதைப்புலி பன்னிரண்டு ராசியில் எதிலும் இல்லை. குதிரை என்று தேடினால் தனுசின் பாதி உடலாக மட்டும் அகப்படும். அதுவும் மேற்கத்திய வடிவத்தில்தான், நம் பஞ்சாங்கத்தின் தனுசு பெரும்பாலும் வெறும் வில். ஆக, ராசியை வைத்துத் திறக்கப் பார்த்தால் இந்தப் படம் திறக்காது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. நாம் ‘என் ராசி’ என்று சொல்வது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசியை. ஐரோப்பியர்கள் சொல்வது சூரியன் நின்ற ராசியை. அதோடு அவர்களுடைய கணக்கு வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து தொடங்குவது. நம்முடையது நட்சத்திரங்களை ஒட்டியது. இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். காரிங்டன் பிறந்த ஏப்ரல் 6-ஆம் தேதி நமக்குப் பங்குனி. சூரியன் மீனத்தில்தான் இருப்பார். நம்முடைய யோனிப் பொருத்தத்தில் அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை வருகிறதே என்று சிலர் இந்தப் படங்களோடு அதையும் முடிச்சுப் போடக்கூடும். வேண்டாம். அந்த ஓவியர்கள் கையில் இருந்தது பாபிலோனிலும் கிரேக்கத்திலும் உருவாகி ஐரோப்பிய மந்திர நூல்கள் வழியாக வந்து சேர்ந்த பன்னிரண்டு ராசி மண்டலம்.

சரி, அந்தக் குதிரை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் லங்காஷயரில், ஒரு பெரும் ஜவுளி முதலாளியின் மகள் காரிங்டன். அம்மா ஐரிஷ்காரர், வளர்த்த ஆயாவும் ஐரிஷ்காரர். கெல்ட் மக்களின் தொன்மங்கள் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டவை. அந்தத் தொன்மங்களில் எபோனா என்று ஒரு குதிரைத் தெய்வம் உண்டு, பெண் தெய்வம். சிறுமி குதிரையேறினாள், கான்வென்ட் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டாள், சீமாட்டியாக வளர மறுத்தாள். அவர் எழுதிய ஒரு சிறுகதையில், மகளுக்கு உயிருக்குயிரான ஆடும் மரக்குதிரையை அப்பா எரித்துவிடுகிறார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த ஓவியத்தைப் பாருங்கள். சுவரோரம் வாலறுந்து நிற்கும் மரக்குதிரையும் வெளியே ஓடும் உயிர்க்குதிரையும் ஒரே குதிரையின் இரண்டு நிலைகள்: அப்பாவின் வீட்டில் ஒன்று, வீட்டைத் தாண்டி இன்னொன்று.

கழுதைப்புலிக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. உயர்குடிப் பெண்களை விருந்து நடனத்தில் அரங்கேற்றும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. அதை வெறுக்கும் ஒரு பெண், மிருகக்காட்சிச் சாலையில் பழகிய கழுதைப்புலியைத் தனக்குப் பதிலாக விருந்துக்கு அனுப்பிவைக்கிறாள். முகத்துக்கு என்ன செய்வது? வேலைக்காரியின் முகத்தைக் கிழித்து அணிந்துகொள்கிறது கழுதைப்புலி. காரிங்டன் எழுதிய இந்தக் கதை ஏறக்குறைய அந்த ஓவியத்தின் காலத்தைச் சேர்ந்தது. படித்தால் வயிற்றைப் பிசையும். கழுதைப்புலி ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழும் என்று பழைய ஐரோப்பிய விலங்கு நூல்கள் நம்பின. அரிஸ்டாட்டிலே அதை மறுத்தும் அந்த நம்பிக்கை சாகவில்லை. அடங்காத பசி, நாற்றம், இரவு, எந்தப் பாலுக்குள்ளும் அடங்காத உடல் என்று நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட எல்லாம் அந்த மிருகத்தில் வந்து நிற்கின்றன. மடியில் பாலோடு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அது அச்சுறுத்த வந்த மிருகமாக எனக்குப் படவில்லை.

இந்தப் படம் உருவான வேளையில் அவர் வாழ்க்கையில் வந்தவர் ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1937-இல் சந்தித்தபோது அவளுக்கு 20 வயது, அவருக்கு 46. எர்ன்ஸ்டின் விலங்கு பறவை. அதற்கு அவர் ‘லோப்லோப்’ என்று பெயரே வைத்திருந்தார். பல ஓவியங்களில் அவருடைய பிரதிநிதியாக அதுதான் வந்து நிற்கும். மூலம் என்ன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். 1906-இல், சிறுவன் ஆசையாக வளர்த்த காக்கட்டூ கிளி செத்துப்போன அதே இரவில் தங்கை பிறந்தாள் என்ற செய்தி வந்தது. அவன் மனதில் பறவையும் மனிதரும் அன்றைக்குக் கலந்துபோனார்கள், பிறகு பிரியவே இல்லை. இன்னொரு குறிப்பில் தன் பிறப்பையே புராணமாக்கிவிடுகிறார்: 1891 ஏப்ரல் 2 காலை 9.45-க்கு, கழுகுக் கூட்டில் அம்மா இட்ட முட்டையிலிருந்து, ஏழு ஆண்டு அடைகாத்தபின் தான் வெளிவந்ததாக. ஜாதகம் கணிக்கத் தேவையான நாளும் நேரமும் நிமிடம் வரை இருக்கின்றன. ஆனால் ஜாதகம் கணிக்காமல், அந்த இடத்தில் ஒரு முட்டையை வைக்கிறார். அவரும் மேற்கத்தியக் கணக்கில் மேஷம்தான். ஆட்டை அவரும் தேடிப்போகவில்லை.

இருவரும் பிரான்ஸின் தெற்கே சான்-மார்த்தான்-தார்தேஷ் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். 1939 வாக்கில் காரிங்டன் வரைந்த எர்ன்ஸ்டின் உருவப்படம் இப்போது ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடங்களிடம் உள்ளது. பனி உறைந்த வெளி. மயிரா இறகா என்று பிரித்தறிய முடியாத, மீன்வாலில் போய் முடிகிற செந்நிற அங்கியோடு எர்ன்ஸ்ட். பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை உறைந்து நிற்கிறது. அவர் கையிலிருக்கும் விளக்குக்குள்ளும் ஒரு சின்னக் குதிரை. ஜன்னலுக்கு வெளியே சுதந்திரமாக ஓடிய அதே வெள்ளைக் குதிரை இரண்டே ஆண்டில் பனிக்கட்டியாகவும் கண்ணாடிக்குள் அடைபட்டதாகவும் ஆகியிருக்கிறது. காதலனைப் பற்றிய படம்தான் இது. கொண்டாடும் படம் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மறுபக்கம், எர்ன்ஸ்ட் 1940-இல் முடித்த ‘மணமகளை அலங்கரித்தல்’ வெனிஸில் பெக்கி குகன்ஹைம் சேகரிப்பில் இருக்கிறது. அதில் மணமகள் ஆந்தை முகத்தோடு பிரம்மாண்டமான செவ்விறகு அங்கி போர்த்தி வருகிறாள். பக்கத்தில் ஈட்டி ஏந்திய பச்சை நிறப் பறவை மனிதன். குதிரைப் பெண்ணைப் பறவையாக்கி விட்டார் எர்ன்ஸ்ட் என்று படிக்கலாம். அவள் அவரை மீனும் மிருகமுமாக மாற்றினாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் யாரை எந்த விலங்காக்குவது என்று நடந்த வழக்கு தெரியும்.

இப்போது சோதிடத்துக்கு வருகிறேன். இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் 1925-லேயே குறிசொல்லும் பெண்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியவர். 1929 டிசம்பரில் வெளியான இரண்டாம் சர்ரியலிச அறிக்கையில், இயக்கம் மறைஞானத்துக்குள் ஆழமாகப் போக வேண்டும் என்று கேட்டார். அந்த அறிக்கையின் ஓர் அடிக்குறிப்பு பலர் கண்ணில் படுவதில்லை. யுரேனஸும் சனியும் 1896 முதல் 1898 வரை சேர்ந்திருந்தன, 45 ஆண்டுக்கு ஒருமுறைதான் இது நடக்கும், கவிஞர்களான லூயி அரகோன், பால் எலுவார், நான் மூவரும் பிறந்த வானம் இதுதான் என்று எழுதுகிறார். ஒரு கலை இயக்கம் ஏன் அந்தத் தலைமுறையில் தோன்றியது என்பதற்கு வானத்திலிருந்து ஒரு விளக்கம். யுரேனஸ் 1781-இல் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்ட கிரகம். நம் நவக்கிரகங்களில் அதற்கு இடமில்லை, கிரேக்கர்களுக்கும் அதைத் தெரியாது. பிரெத்தோனின் சோதிடம் பழமையைக் கும்பிடும் சோதிடமாக இருந்திருந்தால் சனியோடு நின்றிருப்பார்.

வரும் வாரம் என்ன நடக்கும் என்ற பலன் அவர்களை ஈர்க்கவில்லை. அவர்களை ஈர்த்தது கட்டத்தின் அமைப்பு. ஜாதகத்தில் ஒரு கிரகம் தனியாக எதையும் சொல்வதில்லை. எங்கே நிற்கிறது, யாரோடு சேர்கிறது, யாரைப் பார்க்கிறது என்பதில்தான் அதன் பொருள். உலோகம், உடலுறுப்பு, விலங்கு, கிழமை, நிறம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை எல்லாம் அங்கே உறவாகின்றன. கனவிலும் அப்படித்தான். தையல் இயந்திரமும் குடையும் ஒரே மேசையில் சந்திக்கும் அழகைத் தேடியவர்களுக்கு, பல நூற்றாண்டுகளாக அதையே செய்துவந்த ஒரு முறை கையில் கிடைத்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ஷில்லாங்கில் 1906-இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இத்தெல் கொல்குஹூன் என்ற ஓவியர், மறைஞானக் குழுக்களோடு தனக்கிருந்த தொடர்பை விட மறுத்ததால் 1940-இல் லண்டன் சர்ரியலிசக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. பாரிஸில் கொண்டாடப்பட்டது லண்டனில் குற்றமானது.

விலங்கும் ராசியும் நேருக்கு நேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அங்கே போக விக்டர் பிரவுனர் வழியாகப் போக வேண்டும். ருமேனியாவில் 1903-இல் பிறந்தவர். 1931-இல் ஒரு கண் பிடுங்கப்பட்டவராகத் தன்னை வரைந்தார். அடுத்த ஆண்டு வரைந்த இன்னொரு படத்தில் ஒரு மனிதனின் கண்ணை ஒரு கருவி குத்தியிருக்கிறது, அந்தக் கருவியில் ‘டி’ என்ற எழுத்து. 1938 ஆகஸ்டில் பாரிஸில் ஓவியர்களிடையே நடந்த கைகலப்பில் ஆஸ்கர் டொமிங்கெஸ் வீசிய கண்ணாடிக் கோப்பை பிரவுனரின் இடது கண்ணைப் பறித்தது. டொமிங்கெஸின் பெயர் தொடங்குவது அதே எழுத்தில். சர்ரியலிஸ்டுகள் இதைத் தற்செயல் என்று விட்டுவிடுவார்களா? மருத்துவரும் சோதிடத்தில் ஆழ்ந்தவருமான பியர் மாபீல், 1939-இல் ‘மினோதோர்’ இதழில் ‘ஓவியனின் கண்’ என்று தனிக் கட்டுரையே எழுதினார். எனக்கு இதில் தீர்க்கதரிசனம் தெரியவில்லை. கண்ணைப் பற்றிப் பல படங்கள் வரைந்த ஒருவருக்கு நேர்ந்த கொடுமையான விபத்துதான் தெரிகிறது. ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு பிரவுனரின் ஓவியம் மாறியது என்பது உண்மை. ஓநாய் உடல் பாதி, மேசை பாதி என்று ஒரு பிராணி 1939-இல் அவர் படங்களில் தோன்றுகிறது. வீட்டுச் சாமான் திடீரென்று தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டும் பயம். போர் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது.

1947-இல் அந்தப் பிராணியை மரத்தாலும் பாடம்செய்த விலங்கு உறுப்புகளாலும் நிஜப் பொருளாகவே செய்தார். பெயர்தான் ஓநாய் மேசை, ஒட்டியிருப்பது நரியின் தலையும் வாலும். இப்போது பாரிஸின் பொம்பிது மையத்தில் இருக்கிறது. அது செய்யப்பட்டது அந்த ஆண்டு மேக் காலரியில் நடந்த பெரிய சர்ரியலிசக் கண்காட்சிக்காக. போர் முடிந்து சிதறியவர்கள் மீண்டும் கூடிய கண்காட்சி. உள்ளே ஏறும் படிகள் 21, டாரட்டின் பெரிய சீட்டுகளுக்கு ஈடாக. உள்ளே ஒரு பகுதியில் பன்னிரண்டு பலிபீடங்கள், ஒவ்வொன்றும் ஒரு ராசியின் கீழ். ஆனால் பீடத்தில் இருந்தவை ஆடும் காளையும் அல்ல. தொன்ம உயிர் பெறத் தகுதியானவை என்று அவர்கள் தேர்ந்தெடுத்த உயிர்களும் பொருள்களும். ஓநாய் மேசை அவற்றில் ஒன்று. நான் முதலில் சொன்ன குடிபெயர்ப்பு இங்கே பலகையும் ஆணியுமாகக் கண்முன் நின்றது. அந்த ஆண்டு ஜனவரியில் பிரவுனர் வரைந்த ‘சர்ரியலிஸ்ட்’ ஓவியமும் இதே மனநிலையில் பிறந்தது: டாரட்டின் முதல் சீட்டான வித்தைக்காரனின் இடத்தில் ஓர் இளைஞன், முன்னே மேசையில் கத்தி, கோப்பை, நாணயம்.

காரிங்டனை எங்கே விட்டோம்? 1940 மே மாதம் எர்ன்ஸ்ட் இரண்டாம் முறை கைதாகி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவள் ஸ்பெயினுக்குத் தப்பினாள், மனம் உடைந்தாள், சாந்தாந்தேர் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டாள். வலிப்பை வலிந்து உண்டாக்கும் கார்டியசால் ஊசி அங்கே சிகிச்சை. அந்த நாட்களில் தன்னைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு பொருள்களையெல்லாம் பிரபஞ்சத்தின் உறுப்புகளாக அடுக்கினாள். தன்னையே நிலவு என்று கண்டாள். 1943-இல் மெக்சிகோவில் இதையெல்லாம் சொல்லிப் பதிவு செய்யத் தூண்டியவர் அதே மாபீல். அந்த அனுபவத்தைச் சிலர் ஞானதரிசனம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; அது சித்திரவதை. அவள் செய்த பெரிய காரியம் அதிலிருந்து வெளியே வந்து, அதே நிலவையும் விலங்குகளையும் இந்த முறை தன் கட்டுப்பாட்டில் கேன்வாஸில் வைத்தது.

மெக்சிகோ நகரில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தார்: ரெமெடியோஸ் வாரோ. 1908-இல் கட்டலோனியாவில் பிறந்தவர், அப்பா நீர்ப்பாசனப் பொறியாளர். அப்பாவின் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கை. நாஜிகளுக்குத் தப்பி 1941 இறுதியில் மெக்சிகோ வந்தவர். இரண்டு பெண்களும் ரசவாதம், டாரட், சோதிடம் எல்லாவற்றையும் சேர்ந்தே படித்தார்கள், சமையலறையில் அதையே தொடர்ந்தார்கள். ஆண்கள் பாரிஸில் அறிக்கை எழுதியபோது சோதிடம் ஒரு கொள்கையாக இருந்தது. இவர்கள் கையில் அது அன்றாடத் தொழிலாகிவிட்டது என்பது என் துணிபு. இந்த விஷயத்தில் சர்ரியலிசத்தின் உச்சம் பாரிஸ் அல்ல, 1950-களின் மெக்சிகோ நகரம்.

சாட்சி, வாரோ 1957-இல் வரைந்த ‘பறவைகளின் படைப்பு’. மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசை முன்னால் ஆந்தையும் பெண்ணுமான ஓர் உருவம். முட்டை வடிவிலான ஒரு சாதனம் வெளியிலிருந்து எதையோ இழுத்து வடித்து, மூன்று வண்ணங்களாகத் தட்டில் ஊற்றுகிறது. தூரிகை, அவள் கழுத்தில் தொங்கும் சின்ன வயலினோடு நரம்பால் இணைந்திருக்கிறது. இன்னொரு கையில் முக்கோணக் கண்ணாடி. வானிலிருந்து வரும் ஒளிக்கற்றை அதன் வழியாகப் பிரிந்து தாளில் உள்ள பறவையின் மேல் விழ, அது உயிர்பெற்று எழுகிறது. முன்பே முடிந்த ஒன்று ஜன்னல் வழியே பறக்கிறது. வானத்தின் ஒளி பூமியில் உயிராக இறங்குகிறது என்ற சோதிடத்தின் அடிப்படை நம்பிக்கையை இதைவிடத் துல்லியமாக யாரும் வரையவில்லை. ஆனால் வழியில் யார் நிற்கிறார் பாருங்கள். ஒளி நேராகப் பறவை மேல் விழுந்து அதன் விதியை எழுதிவிடவில்லை. வேலை தெரிந்த ஒரு கை அதைப் பிடித்துத் திருப்புகிறது. ஆந்தை ஏன்? மேற்கில் அது அத்தீனா தெய்வத்தின் பறவை, அறிவின் பறவை. நமக்கு ஆந்தை அலறினால் சகுனம் சரியில்லை. அந்தப் பயத்தை இந்தப் படத்துக்குக் கொண்டுவந்தால் முழுவதும் தவறிவிடும்.

அடுத்த ஆண்டு வாரோ வரைந்த ‘விண்மீன் கூழ்’ இன்னும் நெருக்கமானது. மேகங்களுக்கு நடுவே ஒரு கோபுர அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண், குழாய் வழியே இறங்கும் விண்மீன் பொருளைக் கையால் சுழற்றும் இயந்திரத்தில் அரைத்து, கூண்டுக்குள் இருக்கும் பிறைநிலவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாள். நிலவு நம் மேல் ஆதிக்கம் செலுத்துகிறது என்பது சோதிடம். இங்கே நிலவே ஒரு பெண் ஊட்டினால்தான் வளரும் நோஞ்சான் குழந்தை. பிள்ளைக்கு ஊட்டிய எந்தப் பெண்ணும் அந்த முகத்தின் களைப்பை அடையாளம் கண்டுகொள்வாள்.

மெக்சிகோவில் இன்னொன்றும் காத்திருந்தது. அந்த மண்ணின் பழைய நாட்காட்டி 260 நாள் கொண்டது, 13 எண்களும் 20 நாட்சின்னங்களும் சுழலும் கணக்கு. ஆஸ்டெக்குகளின் வரிசையில் அந்த இருபதில் பாதி விலங்குகள்: முதலை, பல்லி, பாம்பு, மான், முயல், நாய், குரங்கு, சிறுத்தையினத்து ஜாகுவார், கழுகு, பிணந்தின்னிக் கழுகு. பிறந்த நாளின் சின்னம் பிள்ளையின் போக்கைச் சொல்லும். தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் மலைநாட்டு மாயா மக்களிடமோ, ஒவ்வொருவருக்கும் காட்டில் ஒரு துணை விலங்கு உண்டு, அதற்கு அடிபட்டால் இவருக்கும் நோவும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. 1964-இல் திறக்கப்பட்ட தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்காக ஒரு சுவரோவியம் கேட்டபோது, காரிங்டன் சியாபாஸுக்குப் போய்த் தங்கி, மக்களோடு பழகி, விலங்குகளைக் கோட்டோவியங்களாக எடுத்துக்கொண்டு திரும்பி ‘மாயாக்களின் மாய உலகம்’ வரைந்தார். வானம், பூமி, பாதாளம் மூன்றும் அதில் விலங்குகளால் நிறைந்திருக்கின்றன. இருபது வயதில் கழுதைப்புலியோடு தன்னை வரைந்த பெண், அப்படி வாழ்வதையே இயல்பாகக் கொண்ட ஒரு சமூகத்தை 46 வயதில் சந்தித்தார். அந்த ஓவியத்தில் எனக்குப் பிடிக்கும் விஷயம் அடக்கம். தன் குதிரையை அவர் அங்கே கொண்டுபோய் நிறுத்தி முன்னிலைப்படுத்தவில்லை.

சல்வடோர் டாலியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். எறும்பு அவருக்கு அழுகலும் மரணமும், வெட்டுக்கிளி சிறுவயதுப் பயம், கொக்குக்கால் யானை ரோமில் பெர்னினி செய்த தூண்சுமக்கும் யானையிலிருந்து வந்தது. இவற்றில் சோதிடம் கிடையாது. 1967-இல் பன்னிரண்டு ராசிகளையும் கல்லச்சுப் படங்களாக அவர் வெளியிட்டார். அங்கே மேஷம் ஆடு, ரிஷபம் காளை, சொன்னபடியே. திறமையான கைதான். ஆனால் ஒருவர் ராசியை அப்படியே வரையும்போது இந்த மரபின் உயிர் எவ்வளவு குறைந்துவிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதேபோல் காளைத்தலையைக் கண்டதும் ரிஷபம் என்று எழுதிவிட வேண்டாம். பெரும்பாலும் அது கிரேக்கத் தொன்மத்தில் வரும், காளைத்தலையும் மனித உடலும் கொண்ட கிரீட் தீவின் மினோதார், பிக்காஸோ முதல் பலரையும் பிடித்தாட்டியது. 1953-இல் காரிங்டன் அந்த மினோதாருக்கு ஒரு மகளைக் கற்பித்து, வெண்ணிறப் பசுத்தலையோடு மேசையில் உட்காரவைத்தார். எதிரே நிற்கும் இரண்டு சிறுவர்கள் அவருடைய பிள்ளைகள்.

நம்பினார்களா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில்தான் சொல்ல முடியும். பிரெத்தோன் அதை மொழியாக மதித்தார், பலனாக வாங்கவில்லை. மாபீல் நம்பினார். வாரோ அறிவியலையும் மந்திரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். வெனிசுவேலாவில் மலேரியா ஒழிப்புப் பணிக்காகப் பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவர் அவர் என்பதை மறக்கக் கூடாது. காரிங்டன், 2011-இல் 94 வயதில் இறக்கும்வரை, தன் படங்களுக்கு விளக்கம் சொல்ல மறுத்தார். கேட்டவர்களிடம் எரிந்தும் விழுந்தார்.

எங்கே தொடங்குவது? மேலே சொன்ன காரிங்டனின் சுயசித்திரத்தையும் எர்ன்ஸ்ட் உருவப்படத்தையும் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் திறந்து அடுத்தடுத்து வையுங்கள். எத்தனை விலங்கு என்று எண்ணுவதைவிட, எது எதைப் பார்க்கிறது, எது அடைபட்டிருக்கிறது, எது மனித உடலோடு ஒட்டிவிட்டது என்று பாருங்கள். பிறகு வாரோவின் இரண்டு படங்கள். ஓவியரின் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிட்டு, கடைசியில் வேண்டுமானால் பிறந்த தேதியைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் படம் ராசிபலனாகிவிடும். மெக்சிகோ போகும் வாய்ப்புள்ளவர்கள் தலைநகரோடு நின்றுவிடாமல் சான் லூயிஸ் பொதோசி வரை போகலாம். அங்கே ஒரு பழைய சிறைச்சாலையில் 2018 முதல் காரிங்டனுக்கென்றே அருங்காட்சியகம் இயங்குகிறது. முதுமையில் அவர் செய்த வெண்கல மிருகங்களைச் சுற்றிவந்து பார்க்க முடியும்.